இடது காது

ஐந்தே முக்கால் வண்டியை எடுக்கப் போகும்போது
அது எனக்கு முன்னாலேயே எழுந்து உட்கார்ந்திருக்கும்.
பழைய டியூப்லைட்டின் சோக் மாதிரி
ஙொய்யென்று,
இடது காதுக்கும் கொஞ்சம் உள்ளே,
விரல் போகாத இடத்தில்.

முதலில் வண்டியைத்தான் சந்தேகப்பட்டேன்.
ஃபேன் பெல்ட் என்றேன்.
டிப்போவில் கபீர் பானட்டைத் திறந்து
தலையைக் கவிழ்த்துக் கேட்டுவிட்டு
"வண்டி சுத்தமா இருக்குண்ணே" என்று
இன்ஜினை அணைத்தான்.
எனக்கு அணையவில்லை.

அப்புறம் ஆளாளுக்கு ஒரு காரணம்.
அழுக்கு அடைத்திருக்கிறது என்று
குன்னூர் ஆஸ்பத்திரியில் வெந்நீர் பீய்ச்சினார்கள்.
புளியங்கொட்டை அளவுக்கு வந்தது.
பேப்பரில் வைத்துக் காட்டியபோது
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.
சத்தம் அப்படியே.

மலை ஏறி இறங்குற காது, எச்சில் விழுங்கு என்றார் டைம் கீப்பர்.
பர்லியாரில் விழுங்கினேன்.
கல்லாறு பாக்குத்தோப்பில் விழுங்கினேன்.
பிரஷர், உப்பு, கழுத்தெலும்பு,
கேன்டீனின் கறுப்பு டீ,
தலைவலிக்கு நானாக வாங்கித் தின்ற மாத்திரை.
மச்சினன் போனில் தேடி
ஒரு வியாதியின் பெயரைச் சொன்னான்.
அன்று ராத்திரி முழுக்க
அந்தப் பெயர்தான் இரைந்தது.

"இருபத்திரண்டு வருஷமா இன்ஜின் பக்கத்துக் காது,
தேயாம என்ன செய்யும்?"
டாக்டர் ரெஹானா காட்டிய வரைபடத்தில்
கோடு மேலிருந்து கீழே சரிந்தது,
நம்ம ரோடு மாதிரியே.
"ஆனா விரல் மரத்துப் போறது,
நெஞ்சு அடிச்சுக்கறது,
கொட்டாவி விட்டும் மூச்சு நிறையாதது,
இதெல்லாம் காதோட வேலை இல்ல.
எப்பலேர்ந்து?"
ஆடியிலிருந்து.
"அப்ப ஏதாவது நடந்ததா?"
ஒண்ணும் நடக்கலை என்றேன்.

பொய் இல்லை.
ஆடியில் மழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை
இறக்கத்தில், ஒன்பதாம் வளைவுக்கு முன்னால்
பெடல்
சேற்றில் கால் போவதுபோல் போயிற்று.
நாற்பத்தொரு டிக்கெட். எல்லாம் தூக்கம்.
செகண்ட் கியர், ஹேண்ட் பிரேக்,
மேட்டுப் பக்கச் சாக்கடையில் டயரை இறக்கி
மண்ணோடு உரசி
நின்றது.
"பஞ்சர்" என்றேன்.
ஒரு குழந்தை வாந்தி எடுத்தது, அவ்வளவுதான்.
கண்டக்டர் சகாயம் எல்லாரையும் பின்னால் வந்த வண்டியில் ஏற்றினான்.
டிப்போ ரிஜிஸ்டரில் ஒரே வரி:
ஏர் லீக், சரிசெய்யப்பட்டது.

அதிலிருந்து வலது கால் தூங்குவதில்லை.
"ராத்திரியில எதைப் போட்டு மிதிக்கிறீங்க?" என்று
செல்வராணி கட்டிலின் ஓரத்துக்குப் போய்விட்டாள்.
இன்னும்
அந்த வளைவுக்கு ஒரு பர்லாங் முன்னாலேயே
தேவையில்லாமல் ஒரு முறை
பிரேக்கைத் தொட்டுப் பார்க்கிறேன்.

போன செவ்வாய் மேட்டுப்பாளையத்தில்
எல்லாரும் இறங்கிய பிறகும் மாதியம்மா நின்றார்.
வெள்ளை முண்டு, தலையில் வெள்ளைத் துணி,
மண்டியில் கேரட் பணம் வாங்க வாராவாரம் வருகிறவர்.
என் முதுகுக்குப் பின்சீட்.
"அன்னைக்கு நான் தூங்கலப்பா" என்றார்.
"உன் காலைத்தான் பாத்துட்டிருந்தேன்."

வைப்பர் தானாக ஒரு முறை
காய்ந்த கண்ணாடியைத் துடைத்தது. கையை வைத்துவிட்டேன் போல.

"அந்த இடம் வந்தா
வயிறு ஏறி தொண்டையில வந்து நிக்குது.
கேஸ்னு மாத்திரை தர்றான் மருந்துக் கடைக்காரன்."
எனக்குக் காதுல இரையுதும்மா என்றேன்.
"இப்பவுமா?"
இப்பவும்.
கேட்டுப் பார்ப்பவர்போல் தலையைச் சாய்த்தார்.
கேட்டிருக்காது.
டீயோடு வந்த சகாயம் என்ன பஞ்சாயத்து என்றான்.
"பஞ்சர் கதை" என்றார் மாதியம்மா, முகம் மாறாமல்.

பதினொரு மணி வண்டியில்
அதே சீட்டில்தான் வந்து உட்கார்ந்தார்,
பின்னால் எத்தனையோ காலி.
கல்லாறு, பாலம், குரங்குகள், முதல் வளைவு.
இரைச்சல் குறையவில்லை,
மேலே போகப் போகக் கூடத்தான் செய்தது.
ஒன்பதில் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது
அதையும் மீறி
முதுகுக்குப் பின்னால் கேட்டது,
யாரோ எச்சில் விழுங்கும் சத்தம்.